மூத்த தாரத்துப் பிள்ளைகளும் இளைய தாரத்துப் பிள்ளைகளும்: உயில் இல்லாத சொத்தில் யாருக்கு எவ்வளவு?

1. ஒரே கேள்விக்கு மூன்று விடைகள்

திண்டுக்கல் நகரின் பேகம்பூரில் ஒருவர், நகருக்கு வெளியே என். பஞ்சம்பட்டியில் ஒருவர், ஆத்தூர்ப் பக்கம் கிணற்றுத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் என மூவர் உயில் எழுதாமல் இறந்ததாக வைத்துக்கொள்வோம். மூவருமே மணமாகாதவர்கள். பெற்றோரும் அவர்களைப் பெற்றவர்களும் முன்பே காலமாகிவிட்டார்கள். மூவருக்கும் கூடப்பிறந்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். அதே தாய்க்கு வேறொரு கணவர் மூலம் பிறந்த தம்பி ஒருவனும் இருக்கிறான். பேகம்பூர்க்காரர் ஹனஃபி முஸ்லிம், பஞ்சம்பட்டிக்காரர் கத்தோலிக்கர், தோட்டக்காரர் இந்து. அந்தத் தம்பிக்கு என்ன கிடைக்கும்?

பேகம்பூரில் ஆறில் ஒரு பங்கு கிடைக்கும். பஞ்சம்பட்டியில் அண்ணனோடு சரிபாதி. தோட்டத்தில் ஒன்றும் கிடைக்காது. மூன்று இடங்களும் ஒரே மாவட்டம்; மூன்று வழக்குகளும் மேல்முறையீட்டில் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கே செல்லும். ஒரு வயிற்றில் பிறந்தவன் மதத்தைப் பொறுத்துச் சமபங்காளியாகிறான், சிறு பங்குக்காரனாகிறான், அல்லது அந்நியனாகிறான்.

மாற்றாந்தாய்ப் பிள்ளைகளின் சொத்துரிமை பற்றிய பேச்சு தமிழில் பெரும்பாலும் ‘இரண்டாம் தாரத்துப் பிள்ளைக்குப் பங்கு உண்டா, இல்லையா’ என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. அக்கேள்வி தந்தையின் பக்கம் மட்டுமே நின்று பார்க்கிறது. தாயின் மறுமணத்தில் பிறந்தவர்களை அது கணக்கில் எடுப்பதேயில்லை. பெற்றவர் இறக்கும்போது ‘பாதி உறவு’ என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதும், உண்மையான அநீதி ஒரு தாய்க்குப் பிறந்தவர்களுக்கு இடையில்தான் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. ஊர் வழக்கும் பழைய நூல்களும்

சிற்றூர்ப் பஞ்சாயத்துகளில் இவ்விஷயம் வரும்போது இரண்டு நம்பிக்கைகள் தலைகாட்டும். முதலாவது, தாரவாரிப் பங்கு. மூத்த தாரத்துக்கு ஒரு பாதி, இளைய தாரத்துக்கு ஒரு பாதி. ஒருத்திக்கு நான்கு பிள்ளைகளும் மற்றவளுக்கு ஒரே பிள்ளையும் இருந்தாலும் கோடு நடுவில்தான் விழும். தர்மசாஸ்திர நூல்கள் இதைப் பத்தினிபாகம் என்று அறிந்திருந்தன. வழக்கம் நிலவும் இடங்களுக்கு மட்டும் அனுமதித்தன. தலைக்கு ஒரு பங்கு என்ற புத்திரபாகமே பொது விதியாக இருந்தது. இரண்டாவது நம்பிக்கை, மூத்தவளின் மகனுக்கே முன்னுரிமை என்பது. ஜமீன்களில் இது பெரும் வழக்குகளாயிற்று. நெல்லைச் சீமையின் ஊர்க்காடு ஜமீன் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1872இல் தீர்ப்புச் சொன்னபோது, வாரிசுரிமையின் பொது விதியை மாற்றும் வழக்கம் தொன்மையானதாகவும் இடையறாததாகவும் இருக்க வேண்டும், தெளிவான சான்றுகளால் நிறுவப்படவும் வேண்டும் என்று வரையறுத்தது. குடும்பப் பெரியவர்களின் வாய்மொழியை மட்டும் வைத்து வழக்கத்தை நிலைநாட்டுவது அதன் பிறகு அரிதாயிற்று.

உடன்பிறந்தாரிடையே வாரிசுரிமை பற்றி மிதாக்ஷரம் தெளிவாகப் பேசியிருக்கிறது. பிள்ளையில்லாதவனின் சொத்து சகோதரரிடம் வரும்போது ஒரே தாய்தந்தைக்குப் பிறந்தவர் முதலில். தந்தை ஒருவராகவும் தாய் வேறாகவும் உள்ளவர் அடுத்து. தாய் ஒருத்தியாகவும் தந்தை வேறாகவும் உள்ளவரை அந்நூல் வரிசையில் வைக்கவேயில்லை. குலதெய்வம், தீட்டு, முதல் மரியாதை, மண உறவுத் தடை எல்லாமே பங்காளி வரிசையை ஒட்டி நடக்கும் சமூகத்தில் இது இயல்பாகத் தோன்றியிருக்கும். தாயின் இரண்டாம் கணவருக்குப் பிறந்தவன் வேறு பங்காளி வகையறாவைச் சேர்ந்தவன். அவன் கும்பிடும் குலதெய்வமும் வேறாக இருக்கலாம். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்தப் பழைய வரிசையை எந்த அளவுக்கு உடைத்தது, எங்கே உடைக்காமல் விட்டது என்பதுதான் நம் ஆய்வுக்குரியது.

3. தந்தை இறந்தால்

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8, 10ஆம் பிரிவுகள் எளிமையானவை. உயிலின்றி இறந்த இந்து ஆணின் சொத்து முதலில் முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சேரும்: மகன்கள், மகள்கள், மனைவி, தாய், முன்பே இறந்த பிள்ளைகளின் வழிவந்தோர். ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு, ஒவ்வொரு மகளுக்கும் ஒரு பங்கு, தாய் இருந்தால் அவருக்கு ஒரு பங்கு, மனைவிக்கு ஒரு பங்கு. எந்த மனைவியின் பிள்ளை என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. தாரவாரிப் பங்குக்கு இச்சட்டத்தில் இடமில்லை. 4ஆம் பிரிவு அதற்கு மாறான பழைய வழக்கங்களைச் செல்லாதவையாக்கிவிட்டது.

முழு உறவுக்குப் பாதி உறவைவிட முன்னுரிமை என்று 18ஆம் பிரிவு சொல்வதைக் காட்டி, மூத்த தாரத்து மக்கள் சில நேரம் வாதிடுவதுண்டு. அது தவறான வாசிப்பு. அந்தப் பிரிவு இறந்தவருக்கும் வாரிசுக்கும் இடையிலான உறவைத்தான் அளக்கிறது; வாரிசுகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பதை அன்று. தந்தைக்கு எல்லாப் பிள்ளையும் முழுப் பிள்ளையே. உடன்பிறந்தவர் இறந்து அவர் சொத்து மற்ற உடன்பிறந்தாருக்கு வரும்போதுதான் 18ஆம் பிரிவு வேலை செய்யும்.

இந்த இடத்தில் கிறித்தவச் சட்டமும் முஸ்லிம் சட்டமும் இந்துச் சட்டத்தோடு ஒத்துப்போகின்றன. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கணவரை இழந்த மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக. முஸ்லிம் சட்டத்தில் மனைவி ஒருவரானாலும் பலரானாலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகளுக்கு ஒன்று என்றால் மகனுக்கு இரண்டு. எந்தத் தாயின் மகன் என்பது கணக்கில் வராது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949இல் அந்த விலக்கை நீக்கியதால் பேகம்பூர்க்காரரின் தோட்டத்துக்கும் இதே கணக்குத்தான்.

ஆனாலும் சண்டை ஓய்வதில்லை. காரணம், பெரும்பாலும் சிற்றன்னையின் பங்கு. நான்கு ஏக்கர் சுயசம்பாத்திய நிலம் வைத்திருந்தவர் முதல் மனைவியை இழந்து, சட்டப்படி மறுமணம் செய்தவர் என்று கொள்வோம். மூத்தவளுக்கு இரண்டு பிள்ளைகள், இளையவளுக்கு ஒன்று. அவர் தாய் உயிரோடில்லை. அவர் இறந்ததும் இளைய மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு ஓர் ஏக்கர். பத்தாண்டு கழித்து இளைய மனைவியும் உயிலின்றி இறக்கிறார். பெண்ணின் சொத்து 15ஆம் பிரிவின்படி அவர் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் முதலில் சேரும். கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகள் அந்தப் பிரிவில் சொல்லப்படும் ‘மகன், மகள்’ ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் லச்மண் சிங் வழக்கில் 1987இலேயே தீர்த்துவிட்டது. ஆக இளைய தாரத்துப் பிள்ளைக்கு இரண்டு ஏக்கர், மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு மரணங்கள், இரண்டு வாரிசுரிமைகள். இளையவளுக்குப் பிள்ளையே இல்லாதிருந்தால் அதே ஏக்கர் கணவரின் வாரிசுகள் என்ற முறையில் மூத்தவளின் பிள்ளைகளுக்கே திரும்பியிருக்கும்.

கிணற்றுப் பாசன நிலத்தில் இந்தக் கணக்கு தாளில் தீர்வது போல் தரையில் தீர்வதில்லை. திண்டுக்கல் சமவெளியின் பாகப்பிரிவினைப் பத்திரம் எதைப் புரட்டினாலும் நிலத்தின் எல்லையைவிட நீளமாக இருப்பது கிணறு, மோட்டார், மின் இணைப்பு, முறைத்தண்ணீர், வண்டிப்பாதை பற்றிய வாசகங்கள்தான். நிலத்தைத் துண்டாக்கலாம், கிணற்றையும் இலவச மின் இணைப்பையும் துண்டாக்க முடியாது. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மோட்டார் கொட்டகையின் சாவி இருக்கும். தலைக்கு ஒரு பங்கு என்று சட்டம் சொல்லிவிட்டுப் போகிறது. நான்கில் ஒரு பங்கு கிணற்றுக்குச் சொந்தக்காரனான மூத்தவள் மகன் கோடையில் தன் முறைக்குக் காத்து நிற்கும்போது அந்தச் சமத்துவம் என்ன மதிப்புப் பெறுகிறது என்பது வேறு கேள்வி.

4. செல்லாத மணத்தின் பிள்ளைகள்

இதுவரை பார்த்தது சட்டப்படியான இரண்டு மணங்கள். இந்துக்களில் முதல் மனைவி உயிரோடும் உறவோடும் இருக்கையில் நடந்த இரண்டாம் மணம் செல்லாது. தமிழ்நாட்டில் இது 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்துக்கும் முந்தையது. 1949இலேயே சென்னை மாகாணம் இந்துக்களின் இருதார மணத்தைத் தனிச் சட்டத்தால் தடுத்துவிட்டது. தடுத்ததால் நின்றுவிடவில்லை. முதல் மனைவிக்குப் பிள்ளையில்லை, ஆண்பிள்ளையில்லை, அக்காள் கணவனுக்கே தங்கையையும் கட்டிக்கொடுத்தார்கள் என்று காரணங்கள் பல. அத்தகைய மணத்தில் பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் யார்?

1976இல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, செல்லாத மணத்தில் பிறந்தவரும் முறையான பிள்ளையே என்கிறது. ஆனால் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, பெற்றோர் தவிர வேறு எவர் சொத்திலும் அப்பிள்ளைக்கு உரிமையில்லை என்று வரம்பு கட்டுகிறது. இந்த வரம்பை எப்படிப் படிப்பது என்பதில் உச்ச நீதிமன்றம் இருபதாண்டு தடுமாறியது. 2002இல் ஜினியா கியோட்டின் வழக்கிலும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாரத மாதா வழக்கில் 2010லும் பூர்வீகச் சொத்தில் அப்பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை என்றது. 2011இல் ரேவண்ணசித்தப்பா வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்க மறுத்தது. பெற்றோரின் உறவு செல்லாததாக இருக்கலாம், பிள்ளையின் பிறப்பை அதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த அமர்வின் வாதம். கேள்வி பெரிய அமர்வுக்குச் சென்று 2023 செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வில் தீர்ந்தது.

அந்தத் தீர்ப்பு நடுவழி. தந்தை இறப்பதற்குச் சற்று முன் கூட்டுக்குடும்பச் சொத்து பாகமானதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதில் தந்தையின் பங்கு எவ்வளவோ அது மட்டுமே அவர் சொத்து. அதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம உரிமை. மற்றவர்களின் பங்கில் செல்லாத மணத்தின் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை.

எண்களில் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு ஏக்கர் பூர்வீக நிலம். சட்டப்படியான மனைவி, அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். செல்லாத மணத்தில் ஒரு மகன். கற்பனைப் பாகத்தில் தந்தை, மகன், மகள் மூவருக்கும் நான்கு நான்கு ஏக்கர். தந்தையின் நான்கு ஏக்கர் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு ஒன்றாகப் பிரியும். முடிவில் முறையான மனைவியின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து ஏக்கர், மனைவிக்கு ஒன்று, இன்னொரு மகனுக்கு ஒன்று. செல்லாத மணத்தின் மனைவிக்கு எதுவும் இல்லை. அதே பன்னிரண்டு ஏக்கரைத் தந்தையே உழைத்து வாங்கியிருந்தால் மூன்று பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் மூன்று மூன்று ஏக்கர்.

ஐந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள இடைவெளி நீதியா? பிள்ளை எந்தக் குற்றமும் செய்யவில்லை என்ற 2011ஆம் ஆண்டு அமர்வின் வாதம் மனத்தைத் தொடுவது. ஆனால் மற்ற இரு பிள்ளைகளும் தந்தையிடமிருந்து வாங்காமல் பிறப்பாலேயே பெற்ற பங்கை, தந்தையின் செயலால் குறைக்கலாமா என்ற மறுகேள்விக்கு அந்த வாதத்தில் விடை இல்லை. 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பே இருக்கும் சட்டத்துக்குள் சரியானது என்பது என் கணிப்பு. மேலும், இடைவெளி தானாகவே சுருங்கிவருகிறது. 1956க்குப் பிறகு தந்தையிடமிருந்து மகனுக்கு வாரிசாக வந்த சொத்து அம்மகனின் தனிச்சொத்தே என்று 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரில் பூர்வீகம் என்று அழைக்கப்படும் பல நிலங்கள் சட்டப்படி பூர்வீகச் சொத்து ஆகா. பூட்டுப் பட்டறையிலும் தோல் தொழிற்சாலையிலும் நூற்பாலையிலும் சம்பாதித்து வாங்கிய வீட்டுமனையும், நிலக்கோட்டைப் பூவிலும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போன காய்கறியிலும் மிச்சம் பிடித்து வாங்கிய நிலமும் தனிச்சொத்துதான். அங்கே எல்லாப் பிள்ளைகளும் சமம்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ராஜா கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே வழியைப் பின்பற்றியது. ஒருவருக்கு மூன்று மணங்கள். அவற்றில் இரண்டு செல்லாதவை. அப்பிள்ளைகளுக்குக் கீழ்நீதிமன்றங்கள் மறுத்த பங்கு, தந்தையின் பங்கிலிருந்து கிடைத்தது. கீழ்நீதிமன்றத்தில் தொடங்கி தில்லி வரை ஒரு தலைமுறைக் காலம் நடந்த பிறகே அது கிடைத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. செல்லாததானாலும் மணம் என்று ஒன்று நடந்திருந்தால்தான் 16ஆம் பிரிவு உதவும். நீண்டகாலம் கணவன் மனைவியாக வாழ்ந்ததிலிருந்து மணத்தை ஊகிக்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; ஆனால் அந்த ஊகத்தை மறுதரப்பு உடைக்கலாம். இரண்டாவது, கிறித்தவருக்கு 16ஆம் பிரிவு போன்ற பரந்த பாதுகாப்பு இல்லை. என். பஞ்சம்பட்டியில் முதல் மனைவி உயிரோடிருக்கையில் பிறந்த இரண்டாம் உறவின் பிள்ளை, ஆத்தூர்த் தோட்டக்காரரின் பிள்ளையைவிடப் பலவீனமான நிலையில் இருக்கிறது.

5. மூத்த தாரத்து மகள்கள்

இவ்வகை வழக்குகளில் அதிகம் பேசப்படாத ஓர் அடுக்கு உண்டு. தமிழ்நாடு அரசு 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. மத்திய அரசைவிடப் பதினாறு ஆண்டுகள் முன்பே. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகள்களை அத்திருத்தம் விலக்கியது. மறுமணம் செய்தவரின் குடும்பத்தில் மூத்த தாரத்து மகள்கள் வயதில் மூத்தவர்கள். அந்தத் தேதிக்குள் கட்டிக்கொடுக்கப்பட்டிருப்பார்கள். இளைய தாரத்து மகள்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். ஒரே தந்தையின் மகள்களில் ஒரு தாயின் மகள்களுக்குப் பிறப்புரிமை, மற்றொரு தாயின் மகள்களுக்கு இல்லை என்ற நிலை, யாரும் திட்டமிடாமலேயே, ஒரு தேதியால் உருவாயிற்று.

2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமான மகள் என்ற விலக்கை வைக்கவில்லை. திருத்தத்தின்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கு தெளிவாக்கியது. ஆனாலும் 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகள் அசையாது. தொண்ணூறுகளில் பதிவாகிவிட்ட பத்திரங்களில் விடுபட்டுப்போன மூத்த தாரத்து மகள்களுக்கு இனி வழியில்லை.

6. தாய் இறந்தால், தாய்ப்பிள்ளை இறந்தால்

கைம்பெண் மறுமணமும், சில சமூகங்களில் அறுத்துக்கட்டும் வழக்கமும் தென்மாவட்டங்களுக்குப் புதியவை அல்ல. முதல் கணவருக்கு ஒரு மகனும், இரண்டாம் கணவருக்கு ஒரு மகளும் பெற்ற தாயை எடுத்துக்கொள்வோம். முதல் கணவர் விட்டுச்சென்ற இரண்டு ஏக்கரில் தாய்க்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. மறுமணத்தால் தாயின் ஏக்கர் பறிபோகாது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதை அவருக்கு முழு உரிமையாக்கிவிட்டது என்பதை 2008இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது.

அந்தத் தாய் உயிலின்றி இறந்தால் அவர் ஏக்கர் மகன், மகள், இரண்டாம் கணவர் மூவருக்கும் சமமாகப் பிரியும். முதல் கணவரின் பங்காளிகளுக்கு இது பொறுக்காது. கணவர் வழி வந்த சொத்து கணவர் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்ற 15(2) பிரிவைக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு அப்பெண்ணுக்குப் பிள்ளையோ பிள்ளைவழிப் பேரப்பிள்ளையோ இல்லாதபோதுதான் வரும். எந்தக் கணவரின் பிள்ளை என்று சட்டம் கேட்பதில்லை. இந்த அளவில் இந்துச் சட்டம் தாயின் இரு மணத்துப் பிள்ளைகளையும் ஒன்றாகவே நடத்துகிறது. அதைப் பாராட்ட வேண்டும். யாழ்ப்பாணத் தேசவழமை 1707இல் டச்சுக்காரர் காலத்தில் தொகுக்கப்பட்டபோது முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகைபிரித்து, வந்த வழியிலேயே அதைச் செலுத்தப் பார்த்தது. இந்தியச் சட்டம் தாயின் பிள்ளைகள் விஷயத்தில் அந்தத் தடத்தில் போகவில்லை.

இதன் பிறகுதான் சிக்கல். மகன் மணமாகாமல் இறந்துவிடுகிறான். தாய் அப்போது உயிரோடிருந்தால் முதல் வகுப்பு வாரிசாக அவன் நிலம் முழுவதும் தாய்க்கு. தாய்க்குப் பின் மகளுக்கும் கணவருக்கும். தாய் முன்பே இறந்திருந்தால் மகளுக்கு எதுவும் இல்லை. காரணம், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இரண்டாம் வகுப்பின் கீழே உள்ள ஒரு விளக்கக் குறிப்பு: சகோதரர், சகோதரி என்பது ஒரு தாய்க்கு வெவ்வேறு தந்தையர் மூலம் பிறந்தவர்களைக் குறிக்காது. ஆகவே தந்தையின் பெற்றோரும் இல்லாத நிலையில் நிலம் இறந்தவனின் சித்தப்பா, பெரியப்பா, அத்தைமாருக்குப் போகும். அவர்களும் இல்லையென்றால்கூட ஆண்வழியில் எத்தனை தலைமுறை தள்ளிய பங்காளிக்கும் பின்னால்தான் ஒருதாய்ப் பிள்ளை நிற்க வேண்டும்.

தாயும் மகனும் ஒரே பேருந்து விபத்தில் இறந்து, யார் முதலில் இறந்தார் என்று தெரியாவிட்டால்? 21ஆம் பிரிவு இளையவரே பின்னர் இறந்தார் என்று கொள்ளச் சொல்கிறது. மகன் தாய்க்குப் பின் இறந்தவனாகிறான். அவன் நிலம் சித்தப்பாவுக்கு. தங்கைக்கு அண்ணன் நிலத்தில் ஒரு சென்ட் இல்லை. ஒரு குடும்பத்தின் உரிமை இறப்பின் வரிசையை நம்பி நிற்பது எந்த நியாயத்தில் சேரும்?

இந்த விலக்கை ஆதரிப்பவர்கள் நிலம் பங்காளிகளை விட்டு வெளியே போகக் கூடாது என்பார்கள். அந்த வாதத்தை 1956ஆம் ஆண்டுச் சட்டமே கைவிட்டுவிட்டது. மகளும் தாயும் மனைவியும் முதல் வகுப்பில் முழு உரிமையோடு நிற்கும் சட்டம் அது. இரண்டாம் வகுப்பிலேயே சகோதரியின் மக்கள் இருக்கிறார்கள்; தாயின் தந்தை இருக்கிறார்; தாய்மாமன் இருக்கிறார். தாய்மாமனுக்கு இடம் தந்த பட்டியல் தாயின் பிள்ளைக்கு இடம் தரவில்லை. அதைவிடப் பெரிய முரண் ஓராண்டு முந்தைய திருமணச் சட்டத்தில் இருக்கிறது. தடுக்கப்பட்ட மண உறவுகளை வரையறுக்கும்போது அது ஒருதந்தை உறவையும் ஒருதாய் உறவையும் முழு உறவுக்குச் சமமாக்குகிறது. மணத்துக்கு அவள் தங்கை. நிலத்துக்கு அவள் யாரோ.

முழு உறவு, பாதி உறவு என்ற பாகுபாட்டையே துடைத்தெறிய முடியும் என்பதற்கு நம் சட்டப் புத்தகத்திலேயே சான்று உண்டு. இங்கிலாந்தின் பழைய நிலச் சட்டம் மாற்றாந்தாய்ச் சகோதரனுக்கு நிலம் போவதைவிட மேலதிகாரப் பிரபுவுக்குப் போவதே மேல் என்ற அளவுக்குக் கடுமையாக இருந்தது. 1833இல்தான் அது தளர்ந்தது. ஆனால் இந்தியாவுக்கு வாரிசுரிமைச் சட்டம் எழுதியவர்கள் 1865இலேயே அந்த வேறுபாட்டை விட்டுவிட்டார்கள். இன்றைய 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தந்தை வழி, தாய் வழி என்றோ முழு, பாதி என்றோ வேறுபாடு பார்க்காது. பஞ்சம்பட்டித் தம்பி சரிபாதி பெறுவது அதனால்தான். பேகம்பூர்த் தம்பியின் ஆறில் ஒன்று திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அளிப்பது. அங்கே தாய்வழி உடன்பிறப்பு தனக்கென நிலையான பங்குடையவர். பலர் இருந்தால் மூன்றில் ஒன்றை ஆண், பெண் வேறுபாடின்றிச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். இறந்தவரின் கூடப்பிறந்த அண்ணன் இருப்பதால் அந்தப் பங்கு மறையாது. ஒருதந்தைச் சகோதரனையோ முழுச் சகோதரன் விலக்கிவிடுவார்.

7. காகிதத்தில் மறைபவர்கள்

சட்டம் தந்ததைக் காகிதம் பறிப்பதும் உண்டு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மனுதாரர் கொடுக்கும் பெயர்ப் பட்டியலையும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையையும் நம்பியே தயாராகிறது. இளைய தாரத்தார் மனுச் செய்தால் வெளியூரில் வாழும் மூத்த தாரத்து மகள் விடுபடுகிறாள். மூத்த தாரத்தார் மனுச் செய்தால் இளைய தாரத்தார் விடுபடுகிறார்கள். அதை வைத்துப் பட்டா மாறுகிறது, பட்டாவை வைத்து விற்பனை நடக்கிறது. வாரிசுச் சான்றிதழோ பட்டாவோ உரிமையைப் படைப்பதில்லை, விடுபட்டதால் உரிமை அழிவதும் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தின் பாக வழக்கே அதைத் தீர்மானிக்கும். காப்பீட்டிலும் இதே மயக்கம் உண்டு. நியமனதாரர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவரே என்று 1983இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காப்பீட்டுச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, மனைவி, பிள்ளை, பெற்றோரை நியமித்தால் அவர்களுக்கே உரிமை என்ற வாசகம் சேர்ந்தபின் இதன் எல்லை மாறியிருக்கிறது. பழைய பாலிசியா, புதியதா என்று பார்த்தே பேச வேண்டும்.

ஒருவர் அனுபவத்தில் நிலம் இருப்பதாலேயே மற்ற வாரிசின் பங்கு போய்விடாது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவமாகவே கொள்ளப்படும். ஆனால் பங்கை வெளிப்படையாக மறுத்து விலக்கிவிட்டதை அறிந்த பின் பன்னிரண்டு ஆண்டு சும்மா இருந்தால் காலவரம்பு குறுக்கே நிற்கும். விடுபட்டவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

8. செய்ய வேண்டியது

பெற்றவர்கள் செய்யக்கூடியது உயில். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரு தாரமோ இரு கணவரோ உள்ள குடும்பத்தில் உயில் எழுதுவதை அபசகுனமாக நினைத்துத் தள்ளிப்போடுவது, பிள்ளைகளை நீதிமன்ற வாசலுக்கு அனுப்புவதாகும்.

சட்டமன்றம் செய்யக்கூடியது வேறு. 2008இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் பெண்ணின் சுயசம்பாத்தியம் பற்றி 15ஆம் பிரிவைத் திருத்தச் சொன்னது. இரண்டாம் வகுப்பின் விளக்கக் குறிப்பும் அதே அக்கறையைக் கோருவது. வாரிசுரிமை பொதுப்பட்டியலில் உள்ள பொருள். இருதார மணத்தைத் தில்லிக்கு முன்பே தடுத்தது இந்த மாநிலம். சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் சட்டமாக்கியதும், மகளுக்கு 1989இல் பிறப்புரிமை தந்ததும் இந்த மாநிலமே. ஒருதாய்ப் பிள்ளைகளை உடன்பிறந்தார் பட்டியலிலிருந்து வெளியேற்றும் அந்த ஒற்றை வாக்கியத்தை நீக்கும் திருத்தத்தையும் தமிழ்நாடு சட்டமன்றம் முதலில் கொண்டுவர வேண்டும்.